பாலத்தருகே எரிந்த சிவப்பு லைட்

போன மாதம் மாத்தளையில் ஒரு கராஜில் உட்கார்ந்திருந்தேன். மருமகனுடைய வேனுக்கு டயர் மாற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் ஒரு லொறி நின்றது. ஒயில் மாற்றி இரண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் டாஷ்போர்டில் என்ஜின் லைட் எரிகிறது என்று சாரதி சொன்னார். கராஜ்காரர் ஒரு சின்ன மெஷினைக் கொளுவிப் பட்டனை அழுத்தினார். லைட் அணைந்தது. சாரதி சந்தோஷமாகப் போய்விட்டார். அது ஏன் எரிந்தது என்று பார்த்தீர்களா என்று நான் கேட்டுவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு யாரோ ஒருவருடைய லொறியில் என்ன வேலை என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உங்கள் காலத்தில் எப்படிப் பார்ப்பீர்கள் என்றுதான் கேட்டார். நான் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே டயர் மாற்றி முடிந்துவிட்டது. மிச்சத்தையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் முத்துராஜ். வேலையிடத்தில் எல்லாருக்கும் ராசு. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா பெக்டரியில் என்ஜின் ரூமில் நின்றார். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நான்கு தோட்டங்களுக்குப் பொதுவாக இரத்தோட்டை ரோட்டில் ஒரு வேர்க்ஷொப் இருந்தது. அங்கே சாமான் கழுவுகிறவனாகச் சேர்ந்தேன். ஆறு வருடம் மண்ணெண்ணெயில் கை ஊறிய பிறகு மெக்கானிக் என்று பெயர் போட்டார்கள். அந்த ஆறு வருடத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. கை வெடித்தது, பிறகு பழகிவிட்டது.

எங்கள் போர்மன் குலசிங்கம் ஐயா. வடக்கே சுன்னாகத்துக்காரர். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தவர். ஏன் வந்தார் என்று பலர் கேட்டார்கள். லொறிகள் இங்கேதானே நிற்கின்றன என்பார். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை. சட்டையில் ஒரு பொட்டு ஒயில் பட்டு நான் பார்த்ததில்லை. வேலை செய்யாமல் நின்றதால் அல்ல. எதைத் தொடுவதற்கு முன்னாலும் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். ஸ்பானரைத் திருப்பித் தரும்போதும் துடைத்துத்தான் தருவார்.

லொறி பழுதென்று வந்தால் அவர் முதலில் பொனட்டைத் திறக்க மாட்டார். சாரதியை ஸ்டூலில் உட்காரவைத்து, என்ன நடந்தது என்று முழுவதையும் சொல்லவிடுவார். ஏற்றமா, இறக்கமா, பாரம் எவ்வளவு, மழையா என்று கேட்பார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பி ஒரு கேள்வி.

"ஆர் கடைசியாக் கை வைச்சது?"

முதல் தடவை அந்தக் கேள்வி வந்தபோது நான் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் சிரித்தார். "ஏசுறதுக்குக் கேக்கேல்லை, ராசு. எங்கையிருந்து துடங்கிறது எண்டு தெரிய வேணும், அவ்வளவுதான்."

நல்ல லொறி திடீரென்று கெட்டால், கடைசியாகக் கைபட்ட இடத்திலிருந்து தேட வேண்டும் என்பது அவருடைய முறை. ஒரு தடவை பிரேக் செய்து அனுப்பிய லொறிக்கு ஹோர்ன் அடிக்கவில்லை. பிரேக்குக்கும் ஹோர்னுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் ஹோர்னைக் கழற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐயா வந்து பிரேக் செய்தவனைக் கூப்பிட்டு எங்கெங்கே கை போனது என்று கேட்டார். பிரேக் மிதிக்குப் பக்கத்தில் ஹோர்னுக்குப் போகிற ஒரு வயர் அவன் முழங்கை பட்டுக் கழன்றிருந்தது. இரண்டு நிமிட வேலை. இதை நாங்கள் எல்லாரும் கற்றுக்கொண்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இனி அந்த லொறியின் கதை.

அது தேயிலைப் பெட்டி ஏற்றும் ஜப்பான் லொறி. சாரதி சந்தனம் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லயத்துக்காரர். அளந்து பேசுகிற மனிதர். லொறியில் சாமிப் படம்கூட வைக்க மாட்டார், கண் அங்கே போகும் என்பார். ரோட்டையும் டாஷ்போர்டையும் மட்டும் பார்த்து ஓட்டுவார்.

ஒரு திங்கட்கிழமை அந்த லொறிக்கு நான் ஒயில் மாற்றினேன். மழை நாள். வேர்க்ஷொப் தகரத்தில் ஓட்டை இருந்தது. சரியாக என்ஜினுக்கு மேலே சொட்டியது. பழைய ஒயிலை இறக்கி, பில்டர் மாற்றி, ஒரு கேன் புது ஒயிலை ஊற்றினேன். அந்த என்ஜினில் ஒயில் ஊற்றும் குழாய் பக்கவாட்டில் இருக்கும். அகலமான வாய், நேராகக் கீழே, ஒயில் தங்கும் அடித்தட்டுக்கு இறங்கும். இரண்டாவது கேனை எடுத்து வர ஸ்டோருக்குப் போனேன், வந்தேன், ஊற்றினேன், மூடினேன். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். சிவப்பு லைட் ஒரு வினாடி எரிந்து அணைந்தது. அது அப்படித்தான் அணைய வேண்டும். என்ஜினுக்குள் ஒயில் போதிய அழுத்தத்தோடு ஓடினால் அந்த லைட் எரியாது. ஓடும்போது எரிந்தால் உடனே என்ஜினை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒயில் இல்லாமல் இரும்போடு இரும்பு உரசி என்ஜினே போய்விடும்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சந்தனம் அண்ணன் வந்தார். வளைவு ஏறும்போது சிவப்பு லைட் எரிந்தது, நிறுத்தித் திரும்ப ஸ்டார்ட் பண்ணினால் இல்லை என்றார். ஒயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன், கசிவு இல்லை. லைட்டுக்குப் போகிற சுவிட்சின் வயரைக் கழற்றித் தேய்த்துத் திரும்பக் கொளுவினேன். பத்து நிமிடம் ஓடவிட்டேன். எரியவில்லை. ஐயா அன்று மாத்தளைக்குப் போயிருந்தார்.

"சுவிச்சு பழசுண்ணே, அதான் மினுங்குது. ஒயிலு சரியா இருக்கு. பயப்படாமப் போங்க" என்றேன்.

அவர் லொறியில் ஏறிப் போனார். மறுநாள் காலை நான் இதை ஐயாவிடம் சொல்லவும் இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

புதன்கிழமை ஒன்பது மணிக்கு இரத்தோட்டை பஸ் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, பாலத்துக்குப் பக்கத்தில் உங்கள் லொறி நிற்கிறது, ஒயில் லைட் எரிந்ததென்று நிறுத்தினாராம், சாரதியை ஆமிக்காரர் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தப் பாலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யுத்தம் நடந்த அந்த வருடங்களில், குண்டு வைத்துவிடுவார்கள் என்று பாலங்களுக்கு ஆமிக் காவல் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் மண்மூட்டை, நடுவில் தடுப்பு. பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாகனம் நிறுத்தக் கூடாது என்று மூன்று மொழியிலும் பலகை இருந்தது. அங்கே போய் ஒரு தமிழ்ச் சாரதி தேயிலைப் பெட்டி நிறைந்த லொறியை நிறுத்தியிருக்கிறார். லைட் எரிந்தது என்றிருக்கிறார். ஒரு சிப்பாய் ஏறி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்திருக்கிறான். லைட் எரியவில்லை. லொறி அருமையாக ஓடியது.

நான் மட்டும் போய்வருகிறேன் என்று ஐயாவிடம் சொன்னேன். அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் சுன்னாகம் என்று இருந்தது. பஸ்ஸில் போனாலே ஒவ்வொரு சாவடியிலும் அவரைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள். அதனால் அவர் மாதக்கணக்கில் ஊருக்குப் போகாமலே இருந்தார்.

அவர் அலுமாரியைத் திறந்து, ஒயில் அழுத்தம் அளக்கும் பிரஷர் கேஜை எடுத்து, துணியில் துடைத்து, அதன் பெட்டிக்குள் வைத்தார். "நீர் தனியப் போனா என்ஜினைப் பாப்பீரோ, அவையின்ரை கேள்விக்குப் பதில் சொல்லுவீரோ?" என்றார். பிறகு அடித்தட்டு கசியாமல் இருக்கப் போடும் புதுக் கார்க் கேஸ்கெட் ஒன்றையும் எடுத்துச் சுருட்டாமல் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினார். அடித்தட்டைத் திறக்க வேண்டிவரும் என்று அவர் அங்கேயே நினைத்துவிட்டார். சட்டைப்பையிலிருந்த அடையாள அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அவருடைய மோட்டார் சைக்கிளில், ஸ்பானர்கள் போட்ட சாமான் பையைக் கட்டிப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தேன்.

போகிற வழியில்தான், செவ்வாய்க்கிழமை லைட் எரிந்ததையும் நான் வயரைத் தேய்த்து அனுப்பியதையும் அவர் காதுக்குப் பின்னால் இருந்து சொன்னேன். காற்றில் கேட்டதோ என்னவோ, அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சந்தனம் அண்ணனை மண்மூட்டைக்குப் பக்கத்தில் வெயிலில் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். சட்டை கிழியவில்லை, காயம் இல்லை. எங்களைப் பார்த்தார், பார்வையைக் கீழே போட்டுக்கொண்டார். அந்தச் சாவடிக்குப் பொறுப்பானவர் ஒரு சார்ஜன்ட். தடித்த உடம்பு, மெதுவான பேச்சு. ஐயாவின் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். சுன்னாகம் என்று எழுத்துக் கூட்டி வாசித்தார். அட்டையைத் திருப்பித் தரவில்லை, தன் பையில் போட்டுக்கொண்டார். லொறி நன்றாக ஓடுகிறது, உங்கள் ஆள் பொய் சொல்கிறான், பாலத்தடியில் ஏன் நிறுத்தினான் என்று கேட்டார்.

ஐயா சிங்களத்தில் அமைதியாகப் பதில் சொன்னார். அவன் பொய் சொல்கிறானா என்று எனக்கும் தெரியாது, ஒரு மணி நேரம் தந்தால் என்ஜினைக் கேட்டுச் சொல்கிறேன், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள் என்றார். சார்ஜன்ட் பையில் இருந்த ஒவ்வொரு சாமானையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

லைட்டின் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைப் பூட்டினோம். லைட் பழுதாகலாம், வயர் கழலலாம், கேஜ் ஒயிலின் அழுத்தத்தையே நேராக அளக்கும். ஸ்டார்ட் பண்ணினேன். முள் நேரே மேலே போய் நல்ல இடத்தில் நின்றது. சார்ஜன்ட் குனிந்து பார்த்தார். அது சரியான அழுத்தம்தானே என்று கேட்டார். ஆம் என்றார் ஐயா. அப்படியென்றால் என்றபடி சார்ஜன்ட் சந்தனம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"எக்சிலேட்டரைக் கொஞ்சம் அமத்திப் பிடியும், ராசு. ஏத்தம் ஏறுற மாதிரி. நான் சொல்லுமட்டும் விடாதையும்" என்றார் ஐயா.

பிடித்தேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். முள் அசையவில்லை. ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணாடி வழியாக அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியவில்லை. அப்போது அவர் கையைத் தூக்கிச் சார்ஜன்ட்டைக் கிட்டக் கூப்பிட்டார். முள் விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக அல்ல, படியில் இறங்குவதுபோல் விழுந்து அடியில் போய்ப் படுத்தது. நிறுத்தும் என்றார். நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து மீண்டும் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். முள் மறுபடி நேராக மேலே நின்றது.

என்ஜின் தேய்ந்திருந்தால் அழுத்தம் எப்போதும் குறைவாக இருக்கும், இப்படிப் போய்ப் போய் வராது, உள்ளே எதுவோ ஒட்டி ஒட்டி விடுகிறது என்று ஐயா சார்ஜன்ட்டிடம் விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"திங்கக்கிழமை நீர் செய்ததை ஒண்டொண்டாச் சொல்லும். மறந்தது எண்டு ஒண்டையும் விடாதையும்."

சொன்னேன். பழைய ஒயில் இறக்கினேன். பில்டர் மாற்றினேன். ஒரு கேன் ஊற்றினேன். மழை சொட்டியது. அங்கே என் வாய் நின்றது.

மழை சொட்டியதால், ஸ்டோருக்குப் போகுமுன் குழாயின் வாயை மூடினேன். நாங்கள் சிலிசிலி என்று சொல்லும் மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, வாயில் வைத்து விரலால் அழுத்திவிட்டுப் போனேன். இரண்டாவது கேனோடு வந்ததும் புனலை வைத்து ஊற்றினேன். அந்தத் துண்டை எடுத்தேனா? எடுத்த ஞாபகமே இல்லை. புனலின் கால் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கும்.

இதை நான் எங்கே நின்று சொல்ல வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆமி காவலிருக்கும் பாலத்தடியில் ஒரு லொறி நின்றுவிட்டது. அது நிற்கும்படியாக என்ஜினுக்குள் ஒரு பொருளைப் போட்டது நான்தான் என்று அந்தச் சாவடியின் நடுவில் நின்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அதைவிடக் குறைந்த விஷயத்துக்காகப் பிடிபட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நான் சொல்லாமல் விடலாம். அடித்தட்டைத் திறந்தால் கிடைக்கிறது கிடைக்கட்டும், எப்படி வந்ததென்று தெரியாது என்று நிற்கலாம். மண்மூட்டைப் பக்கம் பார்த்தேன். சந்தனம் அண்ணன் முழங்காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க ஐயா போட்டேன்" என்றேன். முழுவதையும் சொன்னேன்.

இவன் என்ன சொல்கிறான் என்று சார்ஜன்ட் கேட்டார். ஐயா நினைத்திருந்தால் அதை எப்படியும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்து, "சிங்களத்திலை நீரே சொல்லும்" என்றார். இரண்டாம் தரமும் சொன்னேன். சார்ஜன்ட்டின் முகத்திலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. திற என்று மட்டும் சொன்னார்.

ஒயிலைச் சுத்தமான கேன்களில் இறக்கினேன். அடித்தட்டைச் சுற்றியுள்ள பொல்ட்டுகளைத் தளர்த்தத் தொடங்கினேன். கை வழுக்கியது. அப்போது பக்கத்தில் யாரோ படுப்பது தெரிந்தது. சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு ஸ்பானரோடு மற்றப் பக்கத்துப் பொல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கோணல் இல்லாமல் இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்திக்கொண்டு வந்தார். தெரிந்த கை. ஆமியில் சேருவதற்கு முன் பல்லேபொலையில் மணல் லொறி ஓட்டினாராம், பழுதும் தானே பார்ப்பாராம். அதை அவர் பிறகு சொன்னார்.

அடித்தட்டு இறங்கியது. ஒயிலை உறிஞ்சும் குழாயின் நுனியில் ஒரு சல்லடை இருக்கும். அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு நீலத் துண்டு ஒன்று தொங்கியது. என்ஜின் வேகமாக ஓடும்போது சல்லடை அதை இழுத்து வாயில் ஒட்டிக்கொள்ளும், ஒயில் வராது. நின்றால் விழுந்துவிடும். சார்ஜன்ட் அதை இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். படுத்தபடியே என்னைப் பார்த்தார். மழைக்கு மூடியது நல்ல வேலை, எடுக்க மறந்ததுதான் கெட்ட வேலை என்றார். எழுந்து போய், அவனைத் தூக்கிவிடுங்கள் என்று சிப்பாய்களிடம் சொன்னார். சந்தனம் அண்ணனுக்கு உடனே நிற்க முடியவில்லை. ஐயா போய்க் கை கொடுத்தார்.

சந்தனம் அண்ணன் நொண்டி நொண்டி லொறிக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் அதைக் கேட்கும் நிலையில் இல்லை. அந்த நீலத் துண்டை வாங்கி விரித்துப் பார்த்தார்.

"அப்ப லைட்டு எரிஞ்சது நெசந்தான்" என்றார்.

"நெசந்தாண்ணே."

"காலையிலருந்து இவங்க இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, எனக்கே சந்தேகம் வந்திருச்சு ராசு."

புதுக் கேஸ்கெட் வைத்துப் பூட்டினோம். ஒயிலைத் துணியில் வடித்து ஊற்றினோம். ஊற்றும்போது ஐயா பக்கத்தில் நின்று புனலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் வேகமாக ஓடவிட்டோம். முள் அசையவில்லை. சார்ஜன்ட் ஐயாவின் அட்டையைப் பையிலிருந்து எடுத்தார். தன் கையில் ஒயில் இருப்பதைக் கண்டு, ஐயாவின் துணியைக் கேட்டு வாங்கிக் கையைத் துடைத்துவிட்டு, அட்டையைக் கொடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காக அந்த மனிதரை இன்றும் நினைக்கிறேன்.

என்மீது நடவடிக்கை எதுவும் இல்லை. ஐயா தோட்டத்து மனேஜர் தொரைக்கு எழுதிய அறிக்கையை எனக்கு வாசிக்கத் தந்தார். நான் செய்ததும் இருந்தது, செவ்வாய்க்கிழமை சொல்லாமல் விட்டதும் இருந்தது, பாலத்தில் நானாகச் சொன்னதும் இருந்தது. கூடக் குறைய எதுவுமில்லை. கடைசி வரியில் வேர்க்ஷொப் கூரையைத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். அடுத்த மாதம் புதுக் கூரை வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு போர்மனாக அவருடைய மேசைக்கு நான் வந்தேன். ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் எனக்கு நல்ல நாட்களே அதிகம்.

அன்று பாலத்திலிருந்து இறங்கும்போது சந்தனம் அண்ணன் என்னை லொறியில் ஏறச் சொன்னார். மாத்தளை வரை பக்கத்தில் உட்கார்ந்து டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்றார். பார்த்துக்கொண்டே போனேன். லைட் எரியவில்லை. டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நிறுத்தி, பிளேன்டீயும் பணிஸ் என்கிற பன்னும் வாங்கித் தந்தார். குடித்து முடித்தார். கிளாசை வைத்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு கிழமைக்கு நான் ஒங்கூட பேச மாட்டேன் ராசு. எனக்கு அவ்வளவு கோவம் இருக்கு. அதுக்கப்புறம் பேசுவேன்."

சொன்னபடியே செய்தார். லயத்தில் எதிரே வந்தாலும் பேசாமல் போனார். என் மனைவியிடம் பேசினார், குழந்தையைத் தூக்கினார், என்னிடம் இல்லை. அடுத்த புதன்கிழமை பின்னேரம் லொறியை வேர்க்ஷொப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தி இறங்கினார். நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"பிரேக்கு கொஞ்சம் எடது பக்கமா இழுக்குது" என்றார். "என்னன்னு பாரு."

நான் ஜாக்கியை எடுத்துக்கொண்டு அடியில் போனேன்.